மாதம் 2,860 டாலர்

2023 ஆகஸ்டில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஓஹையோ மாநிலம் கொலம்பஸ் நகரில் உட்கார்ந்து நான் இரண்டு டெஸ்ட் கேஸ் எழுதினேன். மூன்று பேர் கொண்ட குடும்பம், மாத வருமானம் 2,859 டாலர்: விடை 'ஆம்'. அதே குடும்பம், 2,860 டாலர்: விடை 'இல்லை'. இரண்டும் பச்சையாக வந்தன. எழுந்து காபி குடிக்கப் போனேன்.

மென்பொருள் எழுதுபவர்களுக்கு இது பழகிய வேலை. எங்கே ஓர் எல்லை இருக்கிறதோ அங்கேதான் பிழை ஒளிந்திருக்கும். அதனால் எல்லைக்கு இந்தப் பக்கம் ஓர் எண், அந்தப் பக்கம் ஓர் எண் கொடுத்துப் பார்ப்போம். 'பெரியது' என்று போடவேண்டிய இடத்தில் 'பெரியது அல்லது சமம்' என்று போட்டிருந்தால் அப்போதே மாட்டிக்கொள்ளும். நான் சரியாகத்தான் போட்டிருந்தேன்.

என் நிறுவனம் அரசு வேலைகளை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்யும் சின்ன கம்பெனி. ஒருவருக்கு மெடிகெய்ட் உண்டா இல்லையா என்று சொல்லும் மென்பொருளில் ஒரு துண்டு என் பொறுப்பு. வெளியில் இருப்பவர்களை இரண்டு பெயர்கள் குழப்பும். மெடிகேர் முக்கியமாக 65 வயது தாண்டியவர்களுக்கு. மெடிகெய்ட் ஏழைகளுக்கு. இரண்டும் ஒரே நாளில் பிறந்தவை. 1965 ஜூலை 30 அன்று லிண்டன் ஜான்சன் மிசூரி மாநிலத்தின் இண்டிபெண்டென்ஸ் நகருக்குப் போய், ஹாரி ட்ரூமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையெழுத்துப் போட்டார். காரணம் இருந்தது. எல்லோருக்குமான தேசிய மருத்துவக் காப்பீடு வேண்டும் என்று 1945இல் கேட்டுத் தோற்றவர் ட்ரூமன். 'சோஷலிச மருத்துவம்' என்று சொல்லி மருத்துவர் சங்கம் அதை எதிர்த்து நின்றது. 20 வருடம் கழித்து முதியவர்களுக்கும் ஏழைகளுக்கும் மட்டும் கிடைத்தது. நடுவில் இருப்பவர்களுக்கு? அவர்களுக்குத்தான் வேலை இருக்கிறதே, முதலாளி பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

ஜனங்களை இப்படிப் பிரித்துவிட்டால் கோடு போட்டுத்தானே ஆகவேண்டும். 1960களில் சமூகப் பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்த மோலி ஒர்ஷான்ஸ்கி என்ற பெண்மணி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒரு குடும்பம் சிக்கனமாகச் சாப்பிட எவ்வளவு செலவாகும் என்று பார்த்து, அதை மூன்றால் பெருக்கினார். அன்றைக்குக் குடும்பங்கள் வருமானத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கைச் சாப்பாட்டுக்குச் செலவழித்தன. அமெரிக்காவின் வறுமைக்கோடு இன்றைக்கும் அடிப்படையில் அதுதான். விலைவாசிக்கு ஏற்ப எண் மட்டும் ஏறும். 2023இல் மூன்று பேர் குடும்பத்துக்கு அது வருடம் 24,860 டாலர். அதில் 138 சதவீதம் வரை சம்பாதிப்பவர்களுக்கு மெடிகெய்ட் என்றது ஒபாமாவின் 2010 சட்டம். 2012இல் உச்ச நீதிமன்றம் அதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. டெக்சஸும் ஃப்ளோரிடாவும் இன்றுவரை ஏற்கவில்லை. ஓஹையோவில் 2013இல் ரிபப்ளிகன் கவர்னர் ஜான் கேசிக், தன் கட்சிக்காரர்களின் எதிர்ப்பை மீறி ஏற்றுக்கொண்டார். 24,860ஐ 1.38ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் 2,859.

இவ்வளவு சரித்திரமும் என் திரையில் ஒரே ஒரு 'இஃப்' வரி.

*

கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு காபி கவுண்டர். அங்கே வேலை செய்யும் அம்மாவுக்கு வயது நாற்பதை ஒட்டி இருக்கும். கணவர் கூட இல்லை, இரண்டு பிள்ளைகள். என் பெயரைத் திருத்தமாகச் சொல்ல இரண்டு வாரம் பயிற்சி எடுத்தவர். அவர் பெயர் இங்கே வேண்டாம்.

அன்றைக்கு அவரை ஷிஃப்ட் லீடாகப் போடக் கூப்பிட்டிருந்தார்கள். மணிக்கு 16 டாலரிலிருந்து 17.50. வாழ்த்துச் சொன்னேன்.

"வேண்டாம்னு சொல்லிட்டேன்" என்றார்.

எனக்குப் புரியவில்லை. பொறுப்பைக் கண்டு பயமோ என்றுகூட நினைத்தேன். கேட்டும்விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே பில் ரசீது ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் எழுத ஆரம்பித்தார்.

16 டாலர், வாரம் 40 மணி நேரம்: மாதம் 2,773. அதில் மெடிகெய்ட் உண்டு. அவருக்குச் சர்க்கரை வியாதி, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மருந்துக்குக் கையிலிருந்து ஏறக்குறைய ஒன்றும் போவதில்லை. 17.50 என்றால் மாதம் 3,033. மெடிகெய்ட் போய்விடும். பிள்ளைகளுக்குப் போகாது, குழந்தைகளுக்கான வரம்பு இன்னும் மேலே இருக்கிறது, அவருக்குத்தான் போகும். கம்பெனியிலேயே காப்பீடு உண்டு. பிரீமியம் மாதம் 180 டாலர். ஆனால் வருடத்தில் முதல் 5,000 டாலர் செலவு அவருடையது, அதற்குப் பிறகுதான் காப்பீடு வாயைத் திறக்கும். இதற்கு டிடக்டிபிள் என்று பெயர்.

"ஒபாமாகேர் சந்தையில மானியத்தோட வாங்கலாமே?" என்றேன், ஏதோ தெரிந்தவன் மாதிரி.

"முடியாது. கம்பெனி குடுக்கறது எனக்குக் கட்டுப்படியாகுமாம்."

அவர் சொன்னது சரி. பின்னால் போய்ப் பார்த்தேன். முதலாளி கொடுக்கும் காப்பீட்டின் பிரீமியம் குடும்ப வருமானத்தில் 9.12 சதவீதத்துக்குள் இருந்தால் (2023ஆம் வருடக் கணக்கு இது), சட்டப்படி அது 'கட்டுப்படியாகக்கூடியது'. மானியம் கிடையாது. 3,033இல் 9.12 சதவீதம் 276 டாலர். 180 அதற்குள் வந்துவிடுகிறது. டிடக்டிபிள் 5,000 என்பது அந்தக் கணக்கில் வராது.

மாதம் 260 டாலர் கூடுதல் சம்பளம். 180 பிரீமியம். மிச்சம் 80. அதில் வரி பிடிப்பார்கள். வருடக் கடைசியில் திரும்பி வரும் வரிச் சலுகை கொஞ்சம் குறையும். எல்லாம் போக, இன்சுலினுக்கு முதல் டாலரிலிருந்து சொந்தக் காசு.

ரசீதின் அடியில் ஓர் எண் எழுதி அடிக்கோடு போட்டார்: 2,859. அதை அவர் எங்கேயும் பார்த்து எழுதவில்லை. மனப்பாடமாகத் தெரியும். அந்த ஊரில் அந்த எண்ணை மனப்பாடமாக வைத்திருந்தவர்கள், எனக்குத் தெரிந்து, நாங்கள் இரண்டு பேர்தான்.

அந்த வரியை எழுதியவன் நான் என்று அவரிடம் சொல்லவில்லை. காபிக்கு நன்றி சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன்.

*

அந்த வேலைக்கு நான் விரும்பி வரவில்லை. 2023 மார்ச் வரை பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்தேன். ஒரு நாள் காலை ஆறு மணிக்கு மெயில். எட்டு மணிக்கு லேப்டாப் திறக்கவில்லை. அந்த வருடம் இது பலருக்கும் நடந்தது. எனக்கு நடந்ததில் விசேஷம் ஒன்றுமில்லை. மனைவிக்கு ஏழாவது மாதம் என்பதைத் தவிர.

எச்1பி விசாக்காரனுக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்டவேண்டியதுதான். அது எல்லோருக்கும் தெரிந்த பயம். எனக்குத் தெரியாமல் இருந்த பயம் நான்காம் நாள் தபாலில் வந்தது. பழைய காப்பீட்டையே நீங்கள் தொடரலாம், மாதம் 2,114 டாலர் கட்டுங்கள். இதற்கு வழிசெய்யும் சட்டத்தின் பெயர் கோப்ரா. வேலை போனவர் 18 மாதம் வரை பழைய காப்பீட்டில் நீடிக்கலாம். பிரீமியம் முழுவதும் அவருடையது, நிர்வாகச் செலவுக்கு இன்னும் 2 சதவீதம். அதுவரை என் சம்பளத்தில் ஐந்நூற்றுச் சொச்சம்தான் பிடித்தார்கள். மீதியை நிறுவனம் கட்டிக்கொண்டிருந்தது என்பதே அன்றைக்குத்தான் உறைத்தது. அந்த வருடம் நாடு முழுக்க, முதலாளி வழியாக வரும் குடும்பக் காப்பீட்டின் சராசரி விலை 23,968 டாலர். தொழிலாளி தன் கையால் கொடுத்தது 6,575.

சந்தையில் வேறு காப்பீடு வாங்கியிருக்கலாம். மருத்துவர் மாறுவார், ஆஸ்பத்திரி மாறும், டிடக்டிபிள் மறுபடி சைபரிலிருந்து தொடங்கும். ஏழாவது மாதத்தில் யார் மாற்றுவார்கள்? பெரிய நிறுவனக் காப்பீடு உள்ளவர்களுக்கே, கர்ப்பத்திலிருந்து பிரசவத்துக்குப் பிறகான கவனிப்பு வரை சராசரியாக 18,865 டாலர் ஆகிறது என்று ஒரு கணக்கு அப்போது கண்ணில் பட்டது. கோப்ராவுக்குக் கட்டினேன். இரண்டு மாதம் கட்டினேன். அந்த இரண்டு மாதமும் மனைவி ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் "இது இப்ப அவசியமா?" என்று கேட்டாள். நான் அவசியம் என்பேன். இரண்டு பேருக்குமே தெரியாது.

ஐம்பத்து நாலாம் நாள் வேலை கிடைத்தது. 30 சதவீதம் குறைந்த சம்பளம். இன்டர்வியூ கடைசியில் "உங்களுக்கு எதாவது கேள்வி இருக்கா?" என்றார்கள். எப்போதும் டெக்னாலஜி பற்றி ஏதாவது கேட்டு வைப்பேன். அன்றைக்குக் கேட்டது ஒன்றே ஒன்று: "இன்ஷூரன்ஸ் எந்தத் தேதியிலிருந்து?" முதல் நாளிலிருந்தே என்றார்கள். சரி என்றுவிட்டேன்.

வேலைக்கும் வைத்தியத்துக்கும் இப்படி முடிச்சுப் போட்டது யார் என்று தேடினால், யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்யவில்லை என்பது தெரியும். இரண்டாம் உலகப் போர். 1942இல் விலைவாசி ஏறாமல் இருக்கச் சம்பள உயர்வுக்குக் கட்டுப்பாடு போட்டார்கள். ஆள் கிடைக்காமல் தவித்த கம்பெனிகள் சம்பளத்துக்குப் பதிலாக மருத்துவக் காப்பீடு கொடுத்தன. அது கட்டுப்பாட்டில் வராது. 1954இல் அதற்கு வரி கிடையாது என்பதைச் சட்டமே உறுதிசெய்தது. போர்க்கால ஒட்டு ஒன்று நிரந்தரமாகிவிட்டது. என் துறையில் இதை அடிக்கடி பார்க்கலாம். 'தற்காலிகம், பிறகு சரிசெய்யவும்' என்று யாரோ எழுதிவைத்த வரிதான் பத்து வருடம் கழித்தும் மொத்த சிஸ்டத்தையும் தாங்கிக்கொண்டிருக்கும். தொடப் பயமாக இருக்கும்.

பொருளாதாரத்தில் இதன் விளைவுக்கு 'ஜாப் லாக்' என்று பெயர். பிரிஜிட் மேட்ரியன் என்பவர் 1994இல் வெளியிட்ட ஆய்வில், காப்பீட்டுக்காகவே வேலையில் ஒட்டிக்கொண்டிருப்பதால் தானாக வேலை மாறுவது சுமார் 25 சதவீதம் குறைகிறது என்று கணக்கிட்டார்.

*

இதையெல்லாம் நான் முதலில் எந்தப் பக்கம் நின்று பேசினேன் என்பதையும் சொல்லவேண்டும்.

டப்ளின் என்று கொலம்பஸுக்குப் பக்கத்தில் ஒரு புறநகர். அங்கே ஒரு மூத்த நண்பர் இருக்கிறார். எல்லோரும் அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஒய்2கே காலத்தில், 1998இல், இரண்டு பெட்டியோடு வந்து இறங்கியவர். நன்றி நவிலல் நாளன்று அவர் வீட்டில் பிரியாணி இருக்கும், அதைவிட முக்கியமாக விவாதம் இருக்கும். 2022 நவம்பரில் விவாதப் பொருள் எல்லோருக்குமான இலவச மருத்துவம். பெர்னி சாண்டர்ஸ் பக்கம் நின்றது ஒரு பிஎச்.டி. மாணவன், தனியாள். அண்ணா எதிரணி. நான் அண்ணாவின் அணி.

"நான் வந்தப்ப எனக்கு யார் குடுத்தா? உழைச்சேன், வந்தேன். இந்த நாட்ல உழைச்சா மேல வரலாம். அத ஏன் கெடுக்கறீங்க?" என்றார் அண்ணா.

நானும் சேர்ந்துகொண்டேன். "எங்கப்பா விருதுநகர்ல எண்ணெய்க் கடைல கணக்கு எழுதுனவரு. நான் இன்னைக்கு இங்க இருக்கேன். எந்தச் சலுகையும் இல்லாமத்தான் வந்தேன்."

அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. தயிர் பச்சடியைக் கிண்டிக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு அதே வீடு. கையில் ஐந்து மாதக் குழந்தை. நான் அணி மாறியிருந்தேன். அண்ணா அசரவில்லை. சும்மா சொல்லக்கூடாது, அவர் தயாரித்துக்கொண்டு பேசுகிறவர். கனடாவில் ஒரு ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க எத்தனை மாதம் காத்திருக்கவேண்டும் தெரியுமா என்றார். இங்கேயே அரசு நடத்தும் முன்னாள் ராணுவத்தினர் ஆஸ்பத்திரிகளில், 2014இல் ஃபீனிக்ஸ் நகரில் காத்திருப்போர் பட்டியலையே மறைத்துவைத்தார்களே என்றார். இரண்டுமே உண்மை. பிறகு ஒரெகானை எடுத்தார்.

2008இல் ஒரெகான் மாநிலத்திடம் மெடிகெய்டில் கொஞ்சம் பேரைச் சேர்க்கத்தான் பணம் இருந்தது. சுமார் 90,000 பேர் கேட்டார்கள். குலுக்கல் போட்டு சுமார் 30,000 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். எமி ஃபின்கல்ஸ்டைன், கேத்தரின் பெய்க்கர் ஆகியோரின் குழு இதைப் பிடித்துக்கொண்டது. குலுக்கலில் விழுந்தவர், விழாதவர் என்று இரண்டு கூட்டம். இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்?

"என்ன ஆச்சு? ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா ரத்தக் கொதிப்பு குறையல, கொழுப்பு குறையல, சர்க்கரை குறையல. எமர்ஜென்சிக்குப் போறது மட்டும் 40 பெர்சன்ட் ஏறிடுச்சு. ஓசின்னா அப்படித்தான்" என்றார்.

நானும் அதைப் படித்திருந்தேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. அதே ஆய்வில் வேறு இரண்டு விஷயங்களும் உண்டு. மன அழுத்த நோய் 30 சதவீதம் குறைந்திருந்தது. குடும்பத்தையே சாய்க்கும் அளவு மருத்துவச் செலவு ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. ஒரே ஆய்வு. ரத்தத்தைப் பார்த்தால் அவர் ஜெயிப்பார், ராத்திரித் தூக்கத்தைப் பார்த்தால் நான் ஜெயிப்பேன்.

அன்றைக்கு நான் சொல்லவந்தது இதுதான். காப்பீடு என்பது ஆரோக்கியத்துக்கான மருந்து மட்டும் இல்லை, விழாமல் பிடித்துக்கொள்ளும் கைப்பிடியும்கூட. மேலே ஏறுகிறவனுக்கு அதுதான் முக்கியம். 'அமெரிக்கக் கனவு' என்ற சொல்லை ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் 1931இல் ஒரு புத்தகத்தில் பிரபலமாக்கினார். ராஜ் செட்டி என்ற ஹார்வர்ட் பொருளாதார அறிஞரும் அவர் குழுவும் அந்தக் கனவை எண்களால் அளந்தார்கள். 1940இல் பிறந்த அமெரிக்கர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தங்கள் பெற்றோரைவிட அதிகம் சம்பாதித்தார்கள். 1980களில் பிறந்தவர்களில் அது சுமார் பாதிதான். மிகக் கீழான ஐந்தில் ஒரு பங்குக் குடும்பத்தில் பிறந்த குழந்தை, மிக மேலான ஐந்தில் ஒரு பங்குக்கு ஏறும் வாய்ப்பு அமெரிக்காவில் 7.5 சதவீதம். டென்மார்க்கில் 11.7, கனடாவில் 13.5.

"கனடா, டென்மார்க்ல வைத்தியம் ஓசிங்கறதாலதான் அப்படின்னு எப்படிச் சொல்வ? பள்ளிக்கூடம் வேற, ஊர் வேற, ஜனத்தொகை வேற" என்றார் அண்ணா.

சொல்லமுடியாதுதான். அமெரிக்காவுக்குள்ளேயே நார்த் கரோலினாவின் ஷார்லட் நகரில் அந்த வாய்ப்பு 4.4 சதவீதம், கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் 12.9. நாட்டின் மருத்துவச் சட்டம் மட்டுமே காரணம் என்றால் இந்த வித்தியாசம் வரக்கூடாது. ஒத்துக்கொண்டேன். எல்லோருக்கும் மருத்துவம் என்பதும் ஒரே அச்சில் வார்த்தது இல்லை. பிரிட்டனில் அரசே ஆஸ்பத்திரி நடத்துகிறது. கனடாவில் மருத்துவர் தனியார், பில் மட்டும் அரசுக்கு. ஸ்விட்சர்லாந்தில் எல்லோரும் தனியாரிடம் காப்பீடு வாங்கியே ஆகவேண்டும். எதுவும் ஓசி இல்லை. எங்கேயோ வரியாகவோ பிரீமியமாகவோ கட்டத்தான் வேண்டும். ஆனால் இந்த மூன்றிலும், மணிக்கு ஒன்றரை டாலர் அதிகம் கொடுத்தால் ஓர் அம்மா தன் மருத்துவ வசதியை இழப்பாள் என்பது கிடையாது.

காபி கவுண்டர் கணக்கைச் சொன்னேன். அண்ணா கேட்டுவிட்டு, "அது சிஸ்டம் டிசைன் பிராப்ளம்" என்றார்.

ஆமாம். அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

*

அன்று இரவு கார் ஓட்டிக்கொண்டு வரும்போது, முந்தைய வருடம் நான் சொன்ன வாக்கியம் வந்து உட்கார்ந்துகொண்டது. எந்தச் சலுகையும் இல்லாமத்தான் வந்தேன்.

2010. எனக்குப் பதினேழு வயது, இன்ஜினீயரிங் முதல் செமஸ்டர். நவம்பரில் அப்பா கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். விருதுநகர் அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு மதுரைக்கு அனுப்பினார்கள். அங்கே அடைப்பு என்றார்கள், பைபாஸ் என்றார்கள். அம்மா கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது ஞாபகம் இருக்கிறது. அவ்வளவு பவுன் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். நான் படிப்பை நிறுத்திவிட்டு எண்ணெய்க் கடைக்குப் போவது என்று யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே முடிவாகியிருந்தது. கடைக்காரரும் "தம்பி வந்து உக்காரட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலையில் வந்திருந்தது. குடும்பத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. கார்டு எங்கள் வீட்டு அலமாரியில் ரேஷன் கார்டுக்குள் இருந்தது. பக்கத்து வீட்டு மாமாதான் "அத எடுத்துட்டு வாடா" என்றார். தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. பத்து நாளில் அப்பா வீட்டுக்கு வந்தார். நான் ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போனேன். முதல் தலைமுறைப் பட்டதாரி என்பதால் டியூஷன் ஃபீஸிலும் சலுகை இருந்தது. அது அறிமுகமான வருடமும் அந்த 2010தான்.

அந்தக் கார்டிலும் ஒரு வரம்பு உண்டு. வருட வருமானம் 72,000 ரூபாய்க்குள். கார்டுக்கு எழுதிக் கொடுக்கும்போது வி.ஏ.ஓ. "மாசம் எவ்வளவு?" என்று கேட்டிருக்கிறார். அப்பா 5,800 என்றிருக்கிறார். 69,600 என்று எழுதிக் கொடுத்துவிட்டார். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் வரும். அதைச் சேர்த்தால் 75,400. வி.ஏ.ஓ. கேட்கவில்லை, அப்பா சொல்லவில்லை. அந்த 3,400 ரூபாயில்தான் நான் ஓஹையோவுக்கு வந்திருக்கிறேன்.

பொய் சொன்னார்களா என்றால், ஒரு வகையில் ஆமாம். அதை நியாயப்படுத்த இதை எழுதவில்லை. வரம்பு என்று ஒன்று வைத்தால், அதைத் தாண்டி யாரோ ஒருவர் ஒரு மாத போனஸ் தூரத்தில் நிற்பார் என்பதைச் சொல்லத்தான். எங்கள் ஊரில் கோட்டை ஒரு மனிதர் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் கை கொஞ்சம் அசைந்தது. இங்கே நான் எழுதிய கோடு அசையாது. அசையக்கூடாது என்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

*

அண்ணா மறுவாரம் போன் செய்தார். விவாதத்தைத் தொடரப்போகிறார் என்று நினைத்தேன்.

"டேய், கோப்ரா எத்தன மாசம்டா? பதினெட்டா?"

"ஆமாண்ணா. ஏன்?"

அண்ணிக்கு மூன்று வருடமாகப் புற்றுநோய்க்கு மாத்திரை ஓடுகிறது. அது எனக்குத் தெரியும். அண்ணாவுக்கு வேலை போதும் என்று ஆகிவிட்டது, மளிகைக் கடை போடவேண்டும் என்பது பழைய ஆசை, இடம்கூடப் பார்த்துவைத்திருக்கிறார். அது எனக்குத் தெரியாது. வேலையை விட்டால் 18 மாதம் கோப்ராவில் ஓட்டலாம். அதற்குப் பிறகு மெடிகேர் வரும்வரை?

"எனக்கு அறுபத்தஞ்சாக இன்னும் மூணு வருஷம் எட்டு மாசம் இருக்கு" என்றார். நாள் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். அண்ணி அவரைவிட நான்கு வயது இளையவர். அவருக்கு அதற்கு மேலும் நான்கு வருடம்.

சந்தையில் வாங்கலாம் அண்ணா என்றேன். "அந்த மாத்திரை அந்தப் பிளான்ல இருக்கான்னு ஒவ்வொரு வருஷமும் பாக்கணும்டா. ரிஸ்க் எடுக்க முடியாது" என்றார். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அவரே, "ஆனா கனடா மாதிரில்லாம் வேண்டாம்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

இந்த நாட்டில் ஏணி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். நான் ஏறியிருக்கிறேன், அண்ணா ஏறியிருக்கிறார். ஆனால் ஒவ்வொரு படியிலும் ஆளைக் கட்டிப்போட ஒரு கயிறு இருக்கிறது. கவுண்டர் அம்மா மெடிகெய்டில் கட்டுண்டு ஏறாமல் நிற்கிறார். நான் விசாவிலும் காப்பீட்டிலும் கட்டுண்டு, கிடைத்த படியைப் பிடித்துக்கொண்டேன். அண்ணா உச்சியில் உட்கார்ந்துகொண்டு இறங்கமுடியாமல் இருக்கிறார். அமெரிக்கா தன் மொத்த உற்பத்தியில் 17 சதவீதத்துக்கு மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது. 2023இல் சுமார் 2 கோடியே 60 லட்சம் பேருக்குக் காப்பீடே இல்லை. இந்த இரண்டு எண்களைத்தான் விவாதங்களில் எல்லோரும் வீசிக்கொள்வோம். காப்பீடு இருப்பதாலேயே அசையமுடியாதவர்களை எந்தப் பத்தியில் எழுதுவது?

2025 ஜூலையில் புதிய சட்டம் வந்துவிட்டது. வேலை செய்யும் வயதில் உள்ள, ஒபாமா சட்டத்தின் வழியாக மெடிகெய்டுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் மாதம் 80 மணி நேரம் வேலையோ படிப்போ சேவையோ செய்ததாகக் காட்டவேண்டும். பொதுவாக 2027 தொடக்கத்துக்குள் நடைமுறை. உழைக்கட்டுமே, என்ன தப்பு என்று தோன்றும். 2018இல் அர்கான்சாஸ் இதைச் செய்துபார்த்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. இழந்தவர்களில் பலர் வேலை செய்துகொண்டுதான் இருந்தார்கள், செய்ததைப் பதிவுசெய்யத்தான் முடியவில்லை. பதிவுசெய்யும் இணையதளம் பராமரிப்புக்காக இரவு 9 மணியிலிருந்து காலை 7 மணி வரை மூடியிருக்கும். பகல் முழுக்க வேலை செய்கிறவர் எப்போது பதிவார்? அதை யாரோ என் மாதிரி ஒருவன் எழுதியிருப்பான். அவன் டெஸ்ட்டும் பச்சையாகத்தான் வந்திருக்கும்.

*

2023 அக்டோபரில் நடந்த ஒன்றோடு முடித்துக்கொள்கிறேன்.

காபி கவுண்டரில் எல்லோருக்கும் மணிக்கு ஐம்பது சென்ட் ஏற்றினார்கள். யாரும் கேட்டு வாங்கியதில்லை, அதனால் வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை. மணிக்கு 16.50. வாரம் 40 மணி. மாதம் எவ்வளவு என்று நான் மனதிலேயே போட்டுப் பார்த்தேன். சரியாக 2,860.

அவர் எனக்கு முன்னாலேயே போட்டு முடித்திருந்தார். மேனேஜரிடம் போய் வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் குறைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். 39 மணி நேரம்: மாதம் 2,788. பழைய சம்பளத்தைவிடப் பதினைந்து டாலர் அதிகம், மருந்தும் பத்திரம்.

"மேனேஜர் என்ன சொன்னார்?"

"உனக்கு முன்னேறணும்னு ஆசையே இல்லையான்னு கேட்டார்."

நான் அப்போதுதான் சொன்னேன், மேலே நான் செய்யும் வேலை என்னவென்று. அவர் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த எண் ஜனவரியில மாறும் இல்ல?" என்றார். மாறும் என்றேன். ஒவ்வொரு வருடமும் விலைவாசிக்கு ஏற்றுவார்கள். "எவ்வளவுன்னு தெரிஞ்சா முதல்ல எனக்குச் சொல்லுங்க."

சொன்னேன். 2024க்கு 2,969. அவர் 40 மணி நேரத்துக்குத் திரும்பிவிட்டார்.

அதுவரைக்கும் மூன்று மாதம், வெள்ளிக்கிழமை மாலை நாலு மணிக்கு அவர் கவுண்டரை மூடிவிடுவார். நாலேகாலுக்குக் காபிக்கு இறங்கி வருகிறவர்கள் மூடிய ஷட்டரைப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் யாருக்கும் வேலை செய்யவே பிடிப்பதில்லை என்று சொல்லிக்கொண்டு லிஃப்டுக்குத் திரும்புவார்கள். நானும் அவர்களோடு லிஃப்டில் ஏறுவேன்.